ஆவூர்த் தேரும் யூத வேரும்: திருச்சி வட்டாரப் பாஸ்கா விழாவின் வரலாற்றுத் தடம்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி இயேசுவின் பாடுகள் நாடகமாக நடிக்கப்படுகின்றன. தொடர்ந்து தேர் ஓடுகிறது. பாஸ்கா எனப்படும் இவ்விழாவின் மூலம், இஸ்ரயேலர் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து வெளியேறிய இரவை நினைவுகூரும் யூதப் பெருநாள். ஆயினும் நாடகத்தின் கருப்பொருள் சிலுவை மரணமும் உயிர்ப்பும்தான். விடுதலைப் பயணக் கதை எங்கே போயிற்று? காட்சிக்கலை பாடுகளைச் சுமந்தது, வாசகம் விடுதலையைச் சுமந்தது. இரண்டும் பொதுமக்கள் வழிபாட்டில் ஒருசேர வந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிசான் மாத நிலவு

நிசான் மாதம் 14ஆம் நாள் மாலையில் ஆட்டுக்குட்டியை வெட்டி, அதன் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசி, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். கி.பி. 70இல் எருசலேம் கோவில் அழிந்தபின் பலி நின்றது; வீட்டு விருந்தே விழாவின் மையமாயிற்று. 2ஆம் நூற்றாண்டில் சிற்றாசியக் கிறிஸ்தவர் கிழமை பாராமல் நிசான் 14ஐயே கைக்கொண்டனர். உரோமையர் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டனர். 325இல் கூடிய நிசேயா சங்கம் அனைவருக்கும் ஒரே நாளை வேண்டிற்று. ஞாயிறு வென்றது, நிலவுக் கணக்கும் நிலைத்தது. மார்ச் 21 அல்லது அதற்குப் பின்வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு நாள்.

இதனால், பெரும்பாலும் திருவரங்கத்தில் பங்குனி உத்திரச் சேர்த்தி நடக்கும் நாள்களை ஒட்டியே ஈஸ்டரும் வருகிறது. 2023இல் ஏப்ரல் 5 மாலை யூதர் பாஸ்கா விருந்துக்கு அமர்ந்தனர். 6ஆம் தேதி பௌர்ணமி. 9ஆம் தேதி ஈஸ்டர். ஒரு மரபு மற்றொன்றிடம் கடன் வாங்கியதற்கு இது சான்றாகாது. மூன்றும் வசந்தகால முழுநிலவைப் பார்த்து நாள் குறிக்கின்றன என்பதே செய்தி.

ஓவியத்தில் பிரிந்த பாதை

சிரியாவின் தூரா யூரோப்பசில் 3ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடமும் கிறிஸ்தவ வீட்டுக்கோவிலும் ஒரே ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தொழுகைக்கூடச் சுவரில் செங்கடல் கடக்கும் காட்சி; வீட்டுக்கோவிலில் கல்லறையை நோக்கி நடக்கும் பெண்கள். மோசேயின் கதைகள் கிறிஸ்தவக் கலையிலும் தொடர்ந்தன. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் சிலுவையில் துன்புறும் உடலே முதன்மை பெற்றது. அந்தக் கண்ணோட்டத்தோடுதான் இயேசு சபையார் தமிழகம் வந்தனர்.

ஆவூர்

1606இல் தொடங்கிய மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறவி வெனான்சியுஸ் புஷே, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆவூர்ப் பணித்தளத்தை நிறுவினார். இப்போதைய பெரிய கோவில் 1747இல் எழுந்தது. ஆயர் யுவே என்பாருக்குப் புஷே எழுதிய கடிதம் இவ்வாய்வுக்கு முக்கியமானது. பிரம்மாவை ஆபிரகாமோடும் சரஸ்வதியைச் சாராளோடும் இணைத்து, இந்தியக் கதைகள் மோசேயின் நூல்களிலிருந்து பிறந்தவை என வாதிட்டார். இன்றைய ஆய்வு அதை ஏற்காது. எனினும் ஆவூரை நிறுவியவர் யூத வேர்களைத் தேடியவர் என்பதற்கு அது சான்று.

அவரது தேட்டம் ஏட்டில் நின்றது. இங்கே பணியாற்றிய வீரமாமுனிவரும் மோசேயின் கதையைத் தேம்பாவணியில் (1726) செய்யுளாகத்தான் விரித்தார். கண்ணுக்கு விருந்தானவை நாடகமும் தேரும். திருவரங்கத்துச் சித்திரைத் தேர் 14ஆம் நூற்றாண்டு விஜயநகர இளவரசர் விருப்பண்ணர் பெயரால் விருப்பன் திருநாள் எனப்படுவது. தெருவில் தேர் வராமல் திருவிழா நிறைவுறாது என்ற இவ்வட்டார எண்ணத்துக்குள் ஆவூர் எளிதில் பொருந்தியது.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் வேறு வழி சென்றனர். பெரிய வியாழன் இரவில் குடும்பத் தலைவர் புளிக்காத பெசஹா அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க, வீட்டார் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பாலோடு உண்பர். அங்கே பாஸ்கா அடுக்களையில் வாழ்ந்தது. ஆவூரில் வீதிக்கு வந்தது.

மீண்டு வந்த இரவு

விடுதலைக் கதை திருச்சியிலும் ஒருபோதும் அறுபடவில்லை. 1570ஆம் ஆண்டுத் திருப்பலி நூலின்படி பெரிய சனிக்கிழமை வாசகங்கள் பன்னிரண்டு. ஆட்டுக்குட்டிப் பலியும் செங்கடலும் அவற்றுள் உண்டு. ஆனால் வாசித்தது இலத்தீனில், சனிக்கிழமை காலையில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெப்பக்குளத்தருகே எழுந்த லூர்து அன்னை ஆலயமும் இம்முறைக்கே உரியதாயிருந்தது.

12ஆம் பயஸ் 1951இல் சோதனையாகவும் 1955ஆம் ஆண்டு ஆணையால் நிலையாகவும் இரவுத் திருவிழிப்பை மீட்டார். 2ஆம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது. இன்று பாஸ்கா திரியின் ஒளியில் செங்கடல் வாசகம் தமிழில் ஒலிக்கிறது. அதை எக்காரணத்தாலும் விடக்கூடாது என்பது விதி.

யூத வேரை விடக்கூடாது என்பது நாடக மேடைக்கும் பொருந்தும். விசாரணைக் காட்சிகளைப் பெரிதாக்கும் நாடகம் யூதரைக் கூச்சலிடும் கூட்டமாகவே நிறுத்திவிடும். இயேசுவும் மரியாவும் சீடரும் யூதரே என்பது மறைந்துபோகும். புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழித்த சொல் 1959இல் நீக்கப்பட்டது. இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றஞ்சாட்டக் கூடாது என 1965இல் சங்கம் அறிவித்தது. வழிபாட்டு நூலைத் திருத்த உரோமையின் ஆணை போதும். ஊரார் வழிவழியாக நடிக்கும் நாடகத்துக்கு அத்தகைய ஆணை இல்லை. ஏடு எழுதுவோரும் நாடகம் பயிற்றும் அண்ணாவிமாரும்தான் அத்திருத்தத்தைச் செய்ய வேண்டும். பாஸ்காவின் அடுத்தகட்ட வரலாற்றை அந்த நாடக ஏடுகளில் தேடுவதே பொருத்தம்.