எண்ணூர் இரவும் கிரகாமின் துளையும்

யானைக்கவுனிப் பக்கம் சாயங்காலம் நடந்திருக்கீங்களா? கச்சோரி பொரியற வாசனை கடைக்கு முன்னாடியே நம்மளக் கூப்பிடும். அந்த வாசனை எவ்வளவு வேகத்துல வருது? இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கு. அதோட இன்னொரு முனை இதே வடசென்னையில, எண்ணூர்ல இருக்கு.

முதல்ல தாமஸ் கிரகாம், ஸ்காட்லாந்துக்காரர். கண்ணாடிக் குழாயோட வாயை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சு அடைச்சு, உள்ளே ஹைட்ரஜனை நிரப்பிப் பார்த்தார். ஹைட்ரஜன் வெளியே போன வேகத்துக்குக் காற்று உள்ளே வரல. அடர்த்தி குறைஞ்ச வாயு வேகமா விரவும். வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்துல இருக்கும்னு 1833ல வெளியிட்டார். அப்புறம் 1846ல, மெல்லிய தகட்டுல ஊசித்துளை போட்டு வாயுவைப் பாய விட்டப்பவும் அதே கணக்குதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல நாம மனப்பாடம் பண்ணது இதைத்தான்.

ஆனா 1857ல ருடால்ஃப் கிளாசியஸ், மூலக்கூறுகள் நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்துல ஓடுதுன்னு கணக்குப் போட்டதும் ஒரு சிக்கல். டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் கேட்டார்: அப்படின்னா அறையோட ஒரு மூலையில கிளம்பின வாடை மறு மூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரமாகுது? காற்றையே ஆராய்ஞ்சவர் கேட்ட கேள்வி, அதனாலதான் ரொம்பப் பொருத்தம்னு எனக்குத் தோணும். 1858ல கிளாசியஸ் பதில் சொன்னார். மூலக்கூறு நேரா ஓடுறதில்ல. ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான தடவை மோதித் திரும்புது. தங்கசாலைத் தெருக் கூட்டத்துல நாம நடக்கிற மாதிரிதான். அம்மோனியா மூலக்கூறு நொடிக்கு சுமார் 600 மீட்டர் ஓடும்; ஆனா அசையாத காற்றுல ஒரு மீட்டர் விரவிப் போக மணிக்கணக்கு ஆகும். கச்சோரி வாசனையைக் கொண்டுவர்றது காற்றோட்டம்தான்.

இப்போ எண்ணூர். 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்குற நேரம். கப்பல்ல இருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவர்ற கடலடிக் குழாய்ல கசிவு. மிக்ஜாம் புயல் அடிச்சு மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு. பெரியகுப்பத்துலயும் அக்கம்பக்கத்துலயும் ஜனங்க கண்ணெரிச்சல், மூச்சுத்திணறலோட எழுந்து ஓடினாங்க. 50 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க.

மூலக்கூறு எடை 17. காற்றோடது சராசரியா 29. 'லேசான வாயுதானே, மேலே போயிடும்'னு புத்தகம் படிச்சவங்க நினைக்கலாம். குழாய்ல அம்மோனியா கிட்டத்தட்ட மைனஸ் 33 டிகிரி குளிர்ல திரவமா இருக்கும். அந்தக் குளிரோட, ஈரத்தையும் சேர்த்துக்கிட்டு வெளிவந்தா, அது தரையோட தவழவும் செய்யும். வீடு வரைக்கும் தூக்கிட்டு வர்றது காற்று. கிரகாமோட கணக்கு அந்த இடத்துல உதவாது.

விரவுதல் வேலை செய்யறது கடைசி மில்லிமீட்டர்ல, நம்ம உடம்புக்குப் பக்கத்துல. அம்மோனியா தண்ணியில பிரமாதமா கரையும். அதனால கண்ணு, மூக்கு, தொண்டைன்னு ஈரமுள்ள இடத்தைத்தான் முதல்ல பிடிக்கும். ஈரத்துணியால மூக்கை மூடுறது ஓரளவு உதவுறதும் இதனாலதான். ஓடுறதா இருந்தா, காற்று வீசுற திசைக்குக் குறுக்கே ஓடணும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசல் பக்கம் அளந்தப்ப ஒரு கனமீட்டர் காற்றுல 2,090 மைக்ரோகிராம். 24 மணிநேர சராசரிக்கான வரம்பு 400. கடல்நீர்ல லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. அப்புறம் ஊர்க்காரங்க ஆலையை மூடச் சொல்லி நாள்கணக்குல உட்கார்ந்தாங்க.