ரிசர்வ் வங்கி: சட்டநிலையும் பொறுப்புடைமையும்

1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தனியார் பங்குதாரர் வங்கியாகத் தொடங்கியது. 1949 ஜனவரி 1இல் நாட்டுடைமையானது. பொதுநலன் கருதி, ஆளுநரைக் கலந்தபின் வங்கிக்கு உத்தரவிட ஒன்றிய அரசுக்குச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 2018இல் அரசுக்கும் வங்கிக்கும் இடையே மூண்ட கருத்து வேறுபாட்டில் இப்பிரிவே மையமானது. அவ்வாண்டு டிசம்பரில் ஆளுநர் உர்ஜித் படேல் பதவி விலகினார்.

தன்னாட்சியைவிடக் கவனிக்க வேண்டியது, வங்கி யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு உறுப்பினர் பணக்கொள்கைக் குழுவை அமைத்தது. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 2 முதல் 6 சதவீத வரம்பைத் தாண்டினால், வங்கி அரசுக்கு விளக்க அறிக்கை தர வேண்டும். 2022இல் முதன்முறையாக அப்படி அனுப்பிய அறிக்கையை அப்போது வெளியிடவில்லை. விலைவாசியைச் சுமந்தவர்களுக்கு அந்த விளக்கம் உரியது. வங்கிகள் பற்றிய ஆய்வறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மறைக்க இயலாதென 2015இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.