பன்னிரண்டு வயதும் பள்ளிக்கூடத்துக் கக்கூஸும்

பழைய சட்டங்களைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். (இருபது வருஷமாக பேங்க் சர்க்குலர் படித்தவனுக்கு வேறு என்ன ருசிக்கும்!) அப்படிப் படித்ததில் ஒரு எண் மட்டும் முள் மாதிரி மனசில் தங்கிவிட்டது. 12.

சட்டத்தின் பெயர் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951. 1954 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வீடு, மருத்துவம், குடிநீர் எல்லாம் முதலாளி தர வேண்டும் என்று சொன்ன சட்டம். மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி, மதுரைச் சீமையிலிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன குடும்பங்கள் அவை. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, கடைசியில் கேரளத்தோடு போன மலைகள். இன்றைக்கு இடுக்கி மாவட்டம்.

சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கக்கூஸ் வேண்டும் என்கிறது. 1951-லேயே! ஆனால் யாருக்கு? வேலை செய்கிறவர்களுக்கு. 14-ஆம் பிரிவு படிப்பைப் பற்றியது. தொழிலாளர்களின் பிள்ளைகளில் 6 முதல் 12 வயது வரை உள்ளவர்கள் 25 பேருக்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்து தரும்படி மாநில அரசு விதி போடலாம். கவனியுங்கள், 'போடலாம்'. அடுத்து 24-ஆம் பிரிவு: 12 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. அப்படியானால் 12 முடிந்தால் வைக்கலாம். டாக்டர் தரும் தகுதிச் சான்றிதழ் மேனேஜரிடம் இருக்க வேண்டும், பிள்ளை கையில் அதற்கான டோக்கன் இருக்க வேண்டும், வாரத்துக்கு 40 மணி நேரம் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

இந்த மூன்று பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பிறந்தநாளில் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு முடிகிறதோ, அதே பிறந்தநாளில் கொழுந்துக் கூடைக்கு அனுமதி கிடைக்கிறது. ஒரு பெண்பிள்ளை வயசுக்கு வருவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். தனிக் கக்கூஸ் அவளுக்கு முதன்முதலாகத் தேவைப்படும் வயதில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்ற கணக்கிலிருந்து வெளியேறி, தொழிலாளி என்ற கணக்கில் ஏறுகிறாள். எங்கள் பாஷையில் சொன்னால், எந்தத் தலைப்பிலும் எழுதாமல் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைத்த தொகை அவள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துதான் அந்த 24-ஆம் பிரிவு நீங்கியது. 32 வருஷம். இரண்டு தலைமுறைப் பெண்கள்.

உடனே "கேரளத்தில் எல்லாரும் படித்தவர்களாச்சே" என்பீர்கள். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள், உண்மைதான். பெரிய சாதனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சராசரி என்பது ஓரங்களை மறைக்கிற சங்கதி. லயத்தில் ஒற்றை அறையில் வளர்ந்து, தோட்டத்துப் பள்ளியில் கீழ் வகுப்பு முடித்து, உயர்நிலைப் பள்ளிக்கு பஸ்ஸோ ஜீப்போ பிடித்து இறங்க வேண்டிய ஒரு தமிழ்ப் பெண்ணைச் சராசரியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் பெம்பிளை ஒருமை என்று ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்களே, அவர்களின் அன்றைய தினக்கூலி 232 ரூபாய். அதில் நாற்பது வயது தாண்டிய பெண்கள் பலரும் அந்தப் பன்னிரண்டு வயதுச் சட்டத்தின் காலத்தில் பிறந்தவர்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் எப்போது அரசாங்கத்தின் கண்ணில் பட்டது? 1987-ல் கரும்பலகைத் திட்டம் வந்தபோது, தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், அதோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று எழுதினார்கள். எழுதினார்கள். 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் அதையே மறுபடி சொன்னது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கட்டி முடியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. 2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் ஒரு வருஷத்தில் முடிப்போம் என்றார். ஒரே வாக்குறுதி, நான்கு தடவை. பேங்கில் இப்படித் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிற கடனுக்கு என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன். :-)

கட்டினால் பலன் உண்டா? உண்டு. அஞ்சலி அடூக்கியா என்ற பொருளாதார ஆய்வாளர், 2003-ல் தொடங்கிய பள்ளிக் கழிப்பறைத் திட்டத்தின் கணக்குகளை எடுத்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கழிப்பறை வந்த பள்ளிகளில் சேர்க்கை கூடியது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறையானாலும் பலன் இருந்தது. வயசுக்கு வரும் பருவத்துப் பெண்களுக்கோ, தனியாகப் பெண்களுக்கென்று கட்டியிருந்தால்தான் பலன். பொதுக் கழிப்பறை ஒன்று இருப்பதும் இல்லாததும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்கு மாதவிலக்குதான் முழுக் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் நேபாளத்தில் சித்வன் பகுதியில் நடந்து 2011-ல் வெளியான இன்னொரு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பெண்களுக்கு மாதவிலக்குக் குப்பி கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளி வருகையில் மாற்றம் தெரியவில்லை. அந்த நாட்களுக்காக அவர்கள் வருஷத்தில் விட்ட பள்ளி அரை நாளுக்கும் குறைவுதானாம். ஆக, மாதத்தில் மூன்று நாள் பிரச்சினையாக மட்டும் இதைப் பார்த்தால் பாதி கதைதான் தெரியும். பையன்கள் பார்க்க ஒதுங்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமும் பயமும் மாதத்தில் எல்லா நாளும் உண்டு. காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடம் போன கதையை உங்கள் வீட்டு அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கட்டிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு சி.ஏ.ஜி.யின் 2020 அறிக்கை இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நாடு முழுவதும் சுமார் 1.4 லட்சம் பள்ளிக் கழிப்பறை கட்டியதாகக் கணக்கு. தணிக்கையாளர்கள் மாதிரிக்கு எடுத்து நேரில் போய்ப் பார்த்தவற்றில், உண்மையாகவே கட்டி முடித்திருந்தவை 2,326. அதில் 72 சதவீதத்தில் குழாயில் தண்ணீர் இல்லை. கட்டடம் சொத்துப் பட்டியலில் இருக்கிறது, பூட்டுத் தொங்குகிறது.

தண்ணீர் என்றதும் பாலக்காட்டுக் கிழக்குக் கோடி ஞாபகம் வருகிறது. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி. வீட்டிலும் கடையிலும் தமிழ்தான், தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. கேரளம் என்றால் மழை என்கிறவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். மழை மறைவுப் பிரதேசம். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு விட வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீருக்காக வருஷா வருஷம் பேச்சு நடக்கும். அதே தாலுகாவில்தான் பிளாச்சிமடை. 2000-ல் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணறு கெட்டுப்போனது என்று 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. குடிக்கவே தூரத்திலிருந்து குடம் சுமந்த ஊரில், பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு யார் ஊற்றுவது? பல ஊர்களில் பெண்பிள்ளைகள்தான் ஊற்றினார்கள்.

எல்லைக்கோடு செய்கிற வேடிக்கை இன்னொன்று. மலிவு நாப்கின் இயந்திரம் செய்த முருகானந்தம் கோயம்புத்தூர்க்காரர். வாளையாறு தாண்டினால் பாலக்காடு. தமிழ்நாடு 'புது யுகம்' என்று கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் திட்டத்தை 2011-ல் அறிவித்து அடுத்த வருஷம் தொடங்கியது. கேரளத்தில் பள்ளிகளுக்கான 'ஷீ பேட்' வந்தது 2017-ல். ஒரே பேச்சு, ஒரே குலசாமி, அக்கா மகள் இந்தப் பக்கம், தங்கை மகள் அந்தப் பக்கம். நடுவில் ஐந்து வருஷம். (ஷீ பேடில் எனக்குப் பிடித்தது, பயன்படுத்தியதை எரிக்கும் இயந்திரத்தையும் சேர்த்தே கொடுத்தது.)

இங்கே நம் சங்கங்களில் ஊர்ப் பள்ளிக்கு வசூல் என்றால் பெரும்பாலும் கட்டடம்தான், வாசலில் பெயர்ப் பலகையோடு. என்னைக் கேட்டால் பாதியை வைப்பு நிதியில் போடச் சொல்வேன். ஐந்து லட்சம், ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் வருஷம் 35,000, மாதம் 2,900 சொச்சம். பகுதி நேரமாகச் சுத்தம் செய்கிற ஒரு அம்மாவின் சம்பளத்தில் ஒரு பங்கு, பினாயில், மோட்டார் ரிப்பேர் அதில் வரும். கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஐந்தாம் வகுப்புக்கு மேல் எத்தனை பெண்கள், கோடையில் தண்ணீர் எங்கிருந்து என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான பேங்க் வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. வாங்கியவர்கள் அனுப்பினால் வரும். பள்ளிக்கு அதற்கான பதிவு இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.