நல்லெண்ணெயும் நூறாண்டு வழக்கும்

"ஒழுங்கா எண்ணெய் வெச்சிருந்தா இப்படி ஆகுமா?" தீபாவளிக்குத் தீபாவளி அம்மா கேட்பார். புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து செதில் உதிரும். அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்தே வைத்திருப்பேன். தோல் மருத்துவர் சொன்ன பெயர் செபோரிக் டெர்மடைடிஸ். பெயர் கிடைத்ததும் அதன் வரலாற்றைத் தேடிப் போனேன்.

1874இல் பிரான்ஸின் லூயி மலாஸே பொடுகுச் செதிலில் ஒரு பூஞ்சையைக் கண்டார். 1887இல் ஹாம்பர்க்கின் பவுல் உன்னா இந்த நோயைத் தனியாக விவரித்தார். குற்றவாளி மாட்டியாச்சு என்றுதானே நினைப்போம்? ஆனால் அதே பூஞ்சை நல்ல தோலிலும் இருந்தது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பலர் அதை விட்டுவிட்டு, தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதே காரணம் என்றார்கள். எங்கள் வேலையில் பக்கைச் சரிசெய்யாமலே மூடிவிடுவோமே, அதுபோல. 1980களில் கீட்டோகோனசோல் வந்தது. பூஞ்சை குறைந்தது, செதிலும் குறைந்தது. வழக்கு மறுபடி திறந்தது.

2007இல் மலாஸேசியா குளோபோசாவின் மரபணுத் தொகுதி வெளியானது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க அதற்கு வழியில்லை. நம் தோலின் எண்ணெயை உடைத்துத் தின்கிறது. மிஞ்சும் அமிலம் சிலரின் தோலை அழற்றுகிறது. மன அழுத்தமும் குளிரும் அதைக் கூட்டும். அழுக்குக்கு இதில் பங்கில்லை. மருந்துக்கு அடங்கும், பிறகு திரும்பும்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ இத்தனை வருஷம் அதுக்கு நான்தான் சோறு போட்டேனா?"

"ஏற்கெனவே இருந்ததுக்குத்தாம்மா போட்ட. நீ கூட்டிட்டு வரல."