செங்குத்து வீழலும் கோடைக்கானல் சூரியப் படங்களும்

செங்குத்து வீழல் என்பது, ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு தளத்துக்குச் செங்குத்தாகக் கோடு விட்டு, அது தளத்தைத் தொடும் இடத்தைக் குறித்து வரையும் முறை. கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையானவை. ஆகவே ஓவியத்தில்போலத் தூரத்துப் பொருள் இதில் சிறுத்துத் தெரியாது. தளத்துக்கு இணையாக உள்ள எந்த நீளமும் சொன்ன அளவீட்டில் மாறாமல் விழும். கடைசல்காரரும் தச்சரும் படத்தை நம்பி உலோகத்தையும் மரத்தையும் வெட்ட முடிவது இதனால்தான். ஆனால் ஒரு படத்தில் ஒரு திசையின் அளவு முழுக்க மறைந்துவிடும். வட்டமாகத் தெரிவது உருளையா, கூம்பா, உருண்டையா என்று ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் வரைந்து சேர்த்துப் படிக்கிறார்கள். இதுவே பன்முகத் தோற்ற வரைபடம்.

பொறியியல் கல்லூரியின் முதலாண்டுப் பாடமாக மட்டும் இதை அறிந்தவர்கள் பலர். பழனி மலைத்தொடரில் உள்ள கோடைக்கானலில் இதே வடிவியல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அன்றாடம் கையால் வரையப்பட்டு வந்தது. அங்கே வரையப்பட்ட பொருள் சூரியன்.

தோற்றமும் வளர்ச்சியும்

கட்டடத்தின் தரைப்படத்தையும் முகப்புப் படத்தையும் தனித்தனியே வரைவது மிகப் பழைய வழக்கம். உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டுக்கும் தனிப்பெயர் தந்திருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர், மனிதத் தலையை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்து, இரண்டையும் இணைகோடுகளால் பொருத்திக் காட்டினார். அதுவரை இது கைப்பழக்கமாகவே இருந்தது. அதற்குக் கணித அடிப்படை தந்தவர் பிரான்சின் காஸ்பார் மோன்ஷ் (1746–1818).

மெசியேர் இராணுவப் பொறியியல் பள்ளியில், எதிரியின் குண்டு உள்ளே எட்டாதபடி கோட்டைச் சுவரின் உயரத்தைக் கணக்கிடுவது நீண்ட எண்கணித வேலையாக இருந்தது. மோன்ஷ் அதைக் கோடுகளாலேயே முடித்தார். ஒரு கிடைத்தளம், ஒரு நிலைத்தளம்; இரண்டிலும் பொருளின் வீழல்; பிறகு இரண்டும் சந்திக்கும் கோட்டை அச்சாக வைத்து ஒரு தளத்தை மடக்கி, இரண்டையும் ஒரே தாளில் விரித்துவிடுவது. இன்று நம் மாணவர்கள் டிராஃப்டரை வைத்து முதலில் போடும் ‘எக்ஸ்-ஒய் கோடு’ அந்த மடிப்புதான். இந்த முறை பல ஆண்டுகள் படை இரகசியமாகக் காக்கப்பட்டது. 1795இல் பாரிசில் அவர் ஆற்றிய விரிவுரைகளுக்குப் பிறகே அது வெளியே பரவியது. நூல் 1799இல் வந்தது.

சென்னை

மோன்ஷுக்குப் பேராசிரியர் பொறுப்பு தந்த பாரிஸ் எகோல் பாலிடெக்னிக் 1794இல் தொடங்கப்பட்டது. அதே 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதை ஏற்படுத்தியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1792இல், நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகக் கட்டடத்தை எழுப்பியவரும் அவரே. அளவைப் பள்ளி வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. வானாய்வகம் 1899இல் கோடைக்கானலுக்குப் போனது. கோடு போடக் கற்றுத்தந்த நிறுவனமும் வானைப் பார்த்த நிறுவனமும் ஒரே மனிதரின் முயற்சியில் பிறந்தவை என்பது நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

கிண்டி உட்பட இந்தியக் கல்லூரிகளின் வரைபடப் பாடத்தில் இப்போது முதற்கோண முறை பின்பற்றப்படுகிறது. பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவே பொருள் இருப்பதாகக் கொள்வதால், இதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். அமெரிக்காவின் மூன்றாம் கோண முறையில் அது மேலே வரும். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் கல்லூரிகளுக்காக 1988இல் வெளியிட்ட எஸ்.பி. 46 கையேடு முதற்கோணத்தையே பரிந்துரைக்கிறது. எந்த முறை என்பதை டைட்டில் பிளாக்கில் உள்ள சிறு கூம்புக் குறி சொல்லும். அதைக் கவனிக்காமல் படத்தைப் படித்தால் இடப்பக்கத் துளை வலப்பக்கம் விழும்.

கோடைக்கானல்

சுமார் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித். 1904 முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படமெடுத்தார்கள். அதே ஆண்டு முதல் சூரிய வரைபடமும் கையால் வரையப்பட்டு வந்தது. அச்சிட்ட கட்ட வட்டத்தின் மேல் கரும்புள்ளிகள், ஒளிர்திட்டுகள், இழைகள், விளிம்பில் எழும் தீநாக்குகள் ஆகியவற்றை வெவ்வேறு நிறத்தில் குறிப்பார்கள்.

சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நம்மை அடையும் பார்வைக் கோடுகள் ஏறக்குறைய இணையானவை. எனவே தொலைநோக்கியில் தெரியும் சூரியத் தட்டு, உருண்டை ஒன்றின் செங்குத்து வீழலேதான். அந்தக் கட்ட வட்டமும் அப்படியே வரையப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டோனிஹர்ஸ்ட் பெயரால் அழைக்கப்படும் அதில், அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் உருண்டையிலிருந்து தட்டையில் விழுந்த வடிவில் இருக்கும். பூமியின் சுற்றுப்பாதையைப் பொறுத்துச் சூரியனின் அச்சு 7.25 பாகை சாய்ந்திருப்பதால் ஒரே கட்டம் ஆண்டு முழுவதற்கும் ஒத்துவராது. ஜூன், டிசம்பர் முதல் வாரங்களில் அட்சக்கோடுகள் நேராக இருக்கும். மார்ச், செப்டம்பர் தொடக்கத்தில் மிகுதியாக வளையும். 0 முதல் 7 பாகை வரை எட்டுக் கட்டங்களை வைத்துக்கொண்டு அன்றைக்கு உரியதை எடுப்பார்கள்.

20 செ.மீ. விட்டமுள்ள சூரியப் படத்தில், நடுவில் ஒரு பாகை 1.75 மி.மீ. அகலம் கொள்ளும். நடுவிலிருந்து 60 பாகை தள்ளி, விளிம்பை நோக்கிய திசையில் அதே ஒரு பாகை 0.87 மி.மீ.; 80 பாகையில் 0.3 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமன்தான் அது. விளிம்போரப் புள்ளியின் பரப்பைத் திருத்தாமல் எடுத்துக்கொண்டால் கணக்கு பெரிதும் தவறும்.

நடுவையும் விளிம்பையும் நாம் வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதே ஒரு கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது. 1907இல் கோடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். புள்ளி தட்டின் நடுவுக்கு அருகே இருந்தபோது நிறமாலைக் கோடுகள் நகரவில்லை. தள்ளி இருந்தபோது விளிம்புப் பக்கம் சிவப்பை நோக்கியும் நடுப்பக்கம் நீலத்தை நோக்கியும் நகர்ந்தன. இந்த நகர்வு, வாயு நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ செல்வதை மட்டுமே காட்டும். வாயு மேலெழுந்தால் நடுவில் நகர்வு தெரிந்திருக்கும். நடுவில் தெரியாமல் ஓரத்தில் மட்டும் தெரிவதால், அது மேற்பரப்பை ஒட்டிப் புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று அவர் முடிவு செய்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என உலகம் அறிந்த இது, இரண்டு தோற்றங்களைச் சேர்த்துப் படித்ததால் கிடைத்த உண்மை.

இழைகளும் தீநாக்குகளும் இதைவிடத் தெளிவான சான்று. தட்டின் நடுவே கறுத்த நூலாகக் கிடக்கும் இழை, சூரியச் சுழற்சியால் ஏறக்குறைய ஏழு நாளில் 90 பாகை திரும்பி மேற்கு விளிம்புக்கு வரும்போது ஒளிரும் தீநாக்காக எழுந்து நிற்கும். முதலாவது மேல்தோற்றம், இரண்டாவது பக்கத்தோற்றம். முதலாவதில் நீளம் கிடைக்கும், உயரம் கிடைக்காது. இரண்டாவதில் உயரம் கிடைக்கும். ஒரு குறை மட்டும் உண்டு. பட்டறையில் பொருள் அசையாமல் இருக்கும். சூரியனில் இந்த ஏழு நாளுக்குள் இழையே மாறிவிடலாம், மறைந்தும் போகலாம். அதனால்தான் ஒரு நாள் விடாமல் பார்க்க வேண்டியிருந்தது. எவர்ஷெட்டும் அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் தீநாக்குகளைப் பற்றி விரிவாக எழுத முடிந்ததற்கு இந்தத் தொடர்ச்சியே ஆதாரம்.

1960 வாக்கில் கிரப் பார்சன்ஸ் நிறுவனத்தின் சுரங்கத் தொலைநோக்கி கோடைக்கானலில் அமைந்தது. 11 மீட்டர் கோபுரத்தின் கண்ணாடிகள் சூரிய ஒளியைக் கீழே திருப்பி, 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. அங்கே விழும் சூரியப் பிம்பத்தின் விட்டம் 34 செ.மீ.

சூரியனுக்கு ஒரே நேரத்தில் பல தோற்றங்கள் கிடைத்தது விண்கலங்களால்தான். 2006இல் அமெரிக்கா அனுப்பிய ஸ்டீரியோ இரட்டைக் கலங்கள் 2011 பிப்ரவரி 6 அன்று சூரியனின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. முழு உருண்டையும் ஒரே நாளில் மனிதர் கண்ணுக்கு வந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட இந்தியாவின் ஆதித்யா-எல்1, பூமியும் சூரியனும் இருக்கும் அதே கோட்டையொட்டி நிற்பதால், அது காண்பதும் கோடைக்கானல் காணும் முன்தோற்றமே.

கோடைக்கானலின் பழைய ஒளிப்படத் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மப்படுத்தி இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. வரைபடப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அவற்றிலிருந்து ஒரு வார இடைவெளி உள்ள இரண்டு படங்களை எடுத்து, ஒரே இழையின் இரண்டு தோற்றங்களை மாணவர்களை வரையச் சொல்ல வேண்டும். மரக்கட்டையையும் பட்டகத்தையும் மட்டும் வரைந்து பழகும் வகுப்புக்கு இது மிகவும் தேவை.