பசளை ஆலையின் வெள்ளை மலை: கழிவு ஜிப்சம் சாந்தாவது எப்படி?

பசளை விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் எப்பாவல பொஸ்பேற் பற்றிய பேச்சு மேலெழுகிறது. நமது மண்ணிலுள்ள கனிமத்தைக் கொண்டு நாமே பசளை செய்யலாமே என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பேச்சில் அநேகமாக இடம்பெறாத ஒரு பொருள் உண்டு. பசளையைவிட அதிகமாக ஆலையிலிருந்து வெளியேறக்கூடிய ஜிப்சம்தான் அது. இரசாயனவியல் கற்பித்தவன் என்ற வகையில் அதைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

எப்பாவல அப்பற்றைற்றுப் பாறை நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால் அதன் தூள் தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே பெரிதும் இடப்படுகிறது. விரைவாகக் கரையும் பசளை வேண்டுமானால், பாறையைச் சல்பூரிக் அமிலத்துடன் தாக்கமுறச் செய்து பொஸ்போரிக் அமிலம் எடுப்பதே உலகின் பிரதான முறை. அப்போது பாறையிலுள்ள கல்சியம் சல்பேற்றுடன் சேர்ந்து ஜிப்சமாக வீழ்படிகிறது. பொஸ்பரசு பென்டொக்சைட்டுக் கணக்கில் ஒரு தொன் அமிலம் எடுத்தால், ஏறத்தாழ 5 தொன் ஜிப்சம் மிஞ்சும். இதன் பெயர் பொஸ்போஜிப்சம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 100 கோடி தொன் பொஸ்போஜிப்சம் மலைகளாகக் குவிந்துள்ளது.

சூடாக்கினால் மட்டும் போதாதா?

ஜிப்சத்தின் ஒவ்வொரு கல்சியம் சல்பேற் அலகுடனும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ளன. சுமார் 150 பாகை செல்சியசில் சூடாக்கினால் அந்த நீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறி, பரிஸ் சாந்து கிடைக்கிறது. அதில் மீண்டும் நீர் சேர்த்தால் ஊசி போன்ற பளிங்குகள் வளர்ந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி இறுகுகின்றன. முறிந்த கைக்குக் கட்டும் மாவுக்கட்டும் வீட்டுக்கூரையின் உட்புறத்தில் பொருத்தும் ஜிப்சம் பலகையும் இந்த ஒரே தாக்கத்தால் உருவாகின்றன.

கழிவு ஜிப்சத்தை அப்படியே சூடாக்கினால் நல்ல சாந்து கிடைக்காது. அதில் ஒட்டியிருக்கும் பொஸ்போரிக் அமிலம், சாந்து இறுகும்போது பளிங்குகளின் மேல் கரையாத கல்சியம் பொஸ்பேற் படலத்தை உருவாக்கும். அதனால் சாந்து இறுகத் தாமதமாகும். இறுகிய பின்னும் வலுக் குறைவாக இருக்கும். புளோரைட்டுகளும் சேதன மாசுகளும் இன்னும் கெடுதல் செய்யும்.

சேர்மானங்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. மிக மலிவானது சுண்ணாம்பு. கழுவிய ஜிப்சத்துடன் சிறிதளவு சுண்ணாம்பு சேர்த்தால் அமிலம் நடுநிலையாகும். கரையும் பொஸ்பேற்றும் புளோரைட்டும் கரையாத உப்புகளாக மாறி அடங்கிவிடும். இந்தியாவின் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் சித்திரிக் அமிலக் கரைசலால் கழுவும் முறையும் ஆராயப்பட்டது. எலுமிச்சம்பழத்தில் உள்ள அதே அமிலம், மாசுகளைக் கரையக்கூடிய சேர்வைகளாக மாற்றி நீரோடு வெளியேற்றுகிறது. ஆனால் சித்திரிக் அமிலமே சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும் பொருள் என்பதால், பின்னர் நன்றாக அலச வேண்டும்.

இன்னும் உயர்ந்த தரம் வேண்டுமானால், ஜிப்சத்தை நீராவி அழுத்தக் கலனில் சக்சினிக் அமிலம் போன்ற ஒரு சேர்மானத்துடன் சூடாக்குவார்கள். அது பளிங்கின் சில முகங்களில் ஒட்டி நீளவாக்கிலான வளர்ச்சியைத் தடுக்கிறது. ஊசிகளுக்குப் பதிலாகக் குட்டையான, பருத்த பளிங்குகள் உருவாகின்றன. இவற்றைக் குழைக்கக் குறைந்த நீரே போதும். எஞ்சும் நீர் உலர்ந்து விட்டுச்செல்லும் துளைகளும் குறைகின்றன. அதனால் இந்தச் சாந்து சாதாரண சாந்தைவிடப் பல மடங்கு உறுதியாகிறது.

செய்து காட்டியவர்கள்

இயற்கை ஜிப்சம் கிடைப்பது அரிதான ஜப்பானில், அமிலம் எடுக்கும் கட்டத்திலேயே ஜிப்சத்தை மீண்டும் பளிங்காக்கித் தூய்மையாக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த ஜிப்சம் பலகைக்கும் சீமெந்துக்கும் மூலப்பொருளானது. இந்தியாவில் கொச்சியிலும் மும்பையிலும் உள்ள பசளை ஆலைகளின் ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்து, 12 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட சுவர்ப்பலகைகள் வார்க்கப்பட்டன. அத்தகைய பலகைகளைக் கொண்டு 2013 இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒரு மாதிரி மாடிக்கட்டடம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் எழுப்பப்பட்டது.

சேர்மானத்தால் தீராத ஒன்று

பொஸ்பேற் பாறையில் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அமிலம் எடுக்கும்போது யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு செல்ல, அதன் வழித்தோன்றலான இரேடியம் பெரும்பாலும் ஜிப்சத்தில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்போ சித்திரிக் அமிலமோ கதிர்த்தொழிற்பாட்டை இல்லாமற் செய்யாது. அமெரிக்காவில் புளோரிடா மலைகள் இன்றும் பெரும்பாலும் மலைகளாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரேடியத்தின் அளவு பாறைக்குப் பாறை வேறுபடும். ஆகவே மனிதர் வசிக்கும் வீட்டின் சுவராக்கும் முன்னர் அளந்து பார்ப்பது கட்டாயம்.

எப்பாவலப் படிவை ஒரு வெளிநாட்டுக் கம்பனியிடம் ஒப்படைக்கும் திட்டத்தை எதிர்த்து அங்குள்ள விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அத்திட்டத்தின்படி அமில ஆலை திருகோணமலையில் அமையவிருந்தது. அமைந்திருந்தால் ஜிப்சமும் அந்தக் கடலோரத்திலேயே குவிந்திருக்கும்.

எப்பாவலப் பொஸ்பேற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று நான் வாதிடவில்லை. நாளை எந்த அரசாங்கம் அமில ஆலைத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும், ஜிப்சம் எங்கே போகும், அதை யார் தூய்மையாக்குவார்கள், இரேடியத்தை யார் அளப்பார்கள் என்ற கேள்விகளுக்கான விடை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். குறைந்த மாசுடன் ஆலையிலிருந்து வரும் ஜிப்சத்தைச் சாந்தாக்குவது எளிது. பல ஆண்டுகள் மழையில் நனைந்து மலையாகிவிட்ட பின் அதற்கு வழிதேடும் சுமை, அருகில் வாழும் மக்களின் தலையில்தான் விழும்.