க்ரீம் டப்பாவுக்குள் மணலி

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து ஆட்களுக்கு மணலி என்றால் ரிஃபைனரி, ராத்திரியில் தெரியும் தீச்சுடர், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். முகத்தில் பூசும் க்ரீம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் பல க்ரீம் டப்பாக்களின் பின்னால் பொடி எழுத்தில் மினரல் ஆயில், ப்ரோபிலீன் க்ளைகால் என்று இருக்கும். இரண்டுமே பெட்ரோலிய வீட்டுப் பிள்ளைகள். க்ரீம் தோலில் வழுக்குவதும் ஒட்டுவதும் இந்த மாதிரிச் சரக்குகளைப் பொறுத்ததுதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். கோல்டு க்ரீமை 2ஆம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் கேலன் பெயரில் சொல்வார்கள். தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர், அவ்வளவுதான். பூசியதும் கலவை பிரிந்து, தண்ணீர் ஆவியாகி, தோல் சில்லென்று ஆகும். பெயர்க் காரணம் அதுதான். நாளானால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கெட்டுப்போகாத மினரல் ஆயில் அந்த இடத்துக்கு வந்தது. கூடவே வெண்காரம். அது தேன்மெழுகின் அமிலத்தோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாக மாறி, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும்.

நம்ம ஊர் புழுக்கத்தில் இதைப் பூசினால் முகத்தில் பஜ்ஜி சுடலாம் :-) இங்கே ஜெயித்தது ஸ்நோ. பம்பாயில் 1919ல் வந்த ஆஃப்கான் ஸ்நோவும், பாண்ட்ஸ் வானிஷிங் க்ரீமும் அந்த ஜாதி. (பாண்ட்ஸ் அமெரிக்கக் கம்பெனி என்றாலும் பல்லாவரத்தில் தொழிற்சாலை வைத்திருந்தது.) இதன் சூட்சுமம் ஸ்டியரிக் அமிலம். அதில் ஒரு சிறு பங்கை மட்டும் காரம் சேர்த்து சோப்பாக்குவார்கள், மீதி அப்படியே இருக்கும். கலவையில் பெரும்பங்கு தண்ணீர், அதுவும் வெளிப்பக்கம். அதனால் விரலில் முதலில் படுவது ஈரம்தான், பிசுக்கு இல்லை. தண்ணீர் போனதும் மெல்லிய படலம் மிஞ்சும். பளபளக்காது, கண்ணுக்கும் தெரியாது. க்ரீம் 'மறைந்துவிட்டது' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்!

ஆனால் இது தோலை இழுத்துப் பிடிக்கும். ஈரம் காக்க க்ளிசரின் சேர்த்தார்கள். அது அதிகமானால் பிசுபிசுக்கும். ப்ரோபிலீன் க்ளைகால் அவ்வளவு ஒட்டாது, இன்னும் நீர்த்தது. அளவு மீறினால் சிலருக்கு எரிச்சல் வரும்.

மணலி இங்கேதான் வருகிறது. 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று உருவாகி 1969ல் ஓடத் தொடங்கியதுதான் இன்றைய சி.பி.சி.எல். அங்கே கிடைக்கும் ப்ரோபிலீன், பக்கத்திலேயே 1986ல் தொடங்கிய மணலி பெட்ரோகெமிக்கல்ஸில் ப்ரோபிலீன் க்ளைகால் ஆகிறது. சி.பி.சி.எல். மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் தயாரிக்கிறது. அந்த வகை எண்ணெயிலிருந்து கந்தகம், நிறம், வாடை, தீங்கான அரோமேடிக் சேர்மங்கள் எல்லாவற்றையும் நீக்கினால்தான் க்ரீமுக்கு ஆகும் வெள்ளை எண்ணெய். சிறிய மூலக்கூறுகள் என்றால் லேசாகப் பரவும். பெரியவை சேரச் சேர வாசலின் மாதிரி கனமாக உட்காரும்.

நீக்காவிட்டால் எப்படி இருக்கும் என்பதை 2023 டிசம்பரில் எண்ணூர் பார்த்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சி.பி.சி.எல். பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் கையுறைகூட இல்லாமல் மக்கில் அள்ளினார்கள். படகு, வலை, கை, கால் எல்லாம் கறுப்பு. அது மறையும் ஜாதி இல்லை.